முடிச்சூருக்கு வந்த தீவு

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் விமானம் ஏறுவதில் தொடங்குவார்கள். என் பயணம் மீனம்பாக்கத்தைத் தாண்டவே இல்லை.

சைப்ரஸ் தீவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது எனக்குத்தான். பெட்டிகூட எடுத்து வைத்தாயிற்று. மூன்று வயது மகள் தியாவை விட்டுவிட்டு ஒரு வாரம் இருக்க முடியுமா என்று யோசித்து, முடியும் என்று முடிவெடுத்து, மறுபடியும் யோசித்துக்கொண்டிருந்தபோது விசா கிடைக்கவில்லை என்று தகவல் வந்தது. வருத்தப்படுவதா, நிம்மதிப் பெருமூச்சு விடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். கொஞ்ச நாளில் இன்னொரு மின்னஞ்சல். "அப்படியானால் நாங்களே வருகிறோம். அந்தத் தூணை நேரில் பார்க்க வேண்டும்."

அந்தத் தூண் முடிச்சூர்ப் பக்கம் ஆற்றுப் பாலத்தில் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் எங்கள் அம்மா வீடு மூழ்கியபோது நான் கல்லூரி மாணவி. தண்ணீர் வருகிறது என்ற செய்தியும் தண்ணீரும் ஒன்றாகத்தான் வந்தன. அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்காரர்கள் சேர்ந்து பாலத் தூணில் மூன்று பட்டை அடித்தார்கள். கீழே பச்சை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. மழை பெய்தால் பாலத்தோரம் டிபன் கடை வைத்திருக்கும் குமுதா அக்கா தூணைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். மஞ்சளைத் தண்ணீர் தொட்டால் கீழ்ப்பக்கத் தெருக்காரர்கள் சாமானை மாடிக்கு ஏற்றுவார்கள். சிவப்பைத் தொட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தாம்பரத்தில் மழைநீர் வடிகால் ஆய்வு செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் அரை நாள் வேலை பார்க்கிறேன். ஒரு இணையவழிக் கூட்டத்தில் இந்தத் தூணைப் பற்றிப் பேசினேன். அதைக் கேட்ட ஒருவர் சைப்ரஸில் அமைதிப்படை மேஜராக இருந்தார். அவ்வளவுதான் பின்கதை.

அந்தத் தீவு அரை நூற்றாண்டாக இரண்டாகக் கிடக்கிறது. தலைநகருக்கு நடுவிலேயே ஒரு கோடு. கோட்டின் நெடுக ஆளில்லாத பட்டை நிலம். அதில் நீலத் தொப்பி போட்ட அமைதிப்படை. தெற்கே கிரேக்க மொழி பேசுகிறவர்கள், வடக்கே துருக்கி மொழி பேசுகிறவர்கள். வடக்கில் நடப்பதை ஓர் ஆட்சி என்றே தெற்கு ஒப்புக்கொள்வதில்லை. ஓர் அலுவலகம் மறுபக்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால்கூட ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். இதற்கு நடுவில் ஒரு சின்ன ஆறு, தெற்கு மலையில் பெய்த மழையை வாரிக்கொண்டு, கம்பிவேலிக்கு அடியில் நுழைந்து வடக்கு வீதிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்று பேர் வந்தார்கள். தெற்கிலிருந்து ஆந்த்ரி, ஆற்று நீர்மட்டத்தை அளக்கும் பொறியாளர். வடக்கிலிருந்து ஹசன், தாழ்வான வீதிகளிலிருந்து ஆட்களை வெளியேற்றும் பொறுப்பு அவருடையது. இருவருக்கும் நடுவில் மேஜர் ரமீரோ, அர்ஜென்டினாக்காரர், ஆறடிக்கு மேல். ஆந்த்ரி ஆற்றின் மேல்பக்கத்தில் பார்ப்பது ஹசனுக்கு நேரத்தில் தெரிய வேண்டும், அதுவும் வரப்போகிற மழைக்கு முன்பே. அதற்கு ஒரு வழி தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள்.

விமான நிலையத்திலேயே மேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். "எல்லை என்று சொல்லாதீர்கள். நாடு, அரசு என்று சொல்லாதீர்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போதும். வண்டியில் நான் நடுவில் உட்காருவேன்." தியாவுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதுபோல் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

வேன் இரும்புலியூரில் டயர் வெடித்து நின்றது. தூறல் வேறு. வேறு வழியில்லாமல் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன். மேஜர் சொன்னபடியே பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சார், இன்னா சார் நடுவுல குந்திகினு கீற? உன் சைஸுக்கு ரெண்டு டிக்கெட் ஏத்துவேன். நீ முன்னாடி வா."

"அண்ணா, அவர் நடுவுலதான் உக்காரணும். அது ஒரு ரூல்" என்றேன்.

"ரூலு உன் வூட்ல வச்சிக்கமா. வண்டி என்னுது."

மேஜர் முன்னால் போனார். அவர் விட்ட இடத்தில் ஒரு அம்மா காய்கறிப் பையோடு ஏறி, "கொஞ்சம் நவுருமா, நல்லாத்தானே நவுரலாம்" என்று ஆந்த்ரியை ஹசன் மேல் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். எந்தப் பேச்சுவார்த்தையும் நகர்த்தாத தூரத்தை அந்தக் காய்கறிப் பை நகர்த்திவிட்டது. "இந்த வண்டியில் எத்தனை பேருக்கு அனுமதி?" என்று ஹசன் ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்த்தேன். "எத்தினி பேர் ஏர்றாங்களோ அத்தினி பேருக்கு" என்றார் டிரைவர். இறங்கியதும் ஜிஎஸ்டி சாலையைக் கடந்தோம். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு ஹசன் முதல் முறையாகச் சிரித்தார். "எங்கள் ஊரில் மறுபக்கம் போக பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்."

அன்றைக்கு இரண்டு பேரும் எனக்குப் பரிசு கொடுத்தார்கள், தனித்தனியாக. பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் வெள்ளைப் பாலாடைக்கட்டி. பெயர் மட்டும் வேறு வேறு. வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று யோசித்தேன். ஒருவருடையதை மட்டும் சமைத்தால் மற்றவர் என்ன நினைப்பார்? என் கணவர் பிரபு, "பனீர் மாதிரிதானே இருக்கு, ரெண்டையும் போட்டு மசாலா பண்ணிடு" என்றார். பண்ணிவிட்டேன்.

இரண்டாம் நாள் பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்தில் நாரைகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் அடுக்குமாடிகள் நின்றன. ஆந்த்ரி தொலைநோக்கியைக் கீழே இறக்காமல் சொன்னார்: "எங்கள் கோட்டுக்கு நடுவில் ஆள் நுழைந்து ஐம்பது வருஷமாகிறது. அங்கே பறவைகள் சௌகரியமாக இருக்கின்றன. வெட்கமாகத்தான் இருக்கிறது, சண்டையால் நன்மை அடைந்தது அவை மட்டும்தான்."

மதியம் காருக்குள்ளேயே கேரியரைத் திறந்தேன். சப்பாத்தியோடு அந்த மசாலாவை வாயில் வைத்த இருவரும் ஒரே நேரத்தில் மெல்வதை நிறுத்தினார்கள்.

"இது..." என்றார் ஆந்த்ரி.

"நீங்கள் கொடுத்ததுதான். பனீர் போலவே இருந்தது" என்றேன்.

"பனீர் இல்லை!" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

"இதில் எது என்னுடையது?" என்று கேட்டார் ஹசன்.

"தெரியவில்லை. ஒரே குழம்பில் போட்டுவிட்டேன்."

மேஜர் தொண்டையைச் செருமினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆந்த்ரிதான் முதலில் பேசினார். "இதைக் குழம்பில் போடவே கூடாது. தோசைக்கல் போன்ற ஒன்றில் வறுக்க வேண்டும்." ஹசன் தலையாட்டினார். "எண்ணெய்கூட வேண்டாம்." அதற்குப் பிறகு எப்படி வறுப்பது என்று இருவரும் சேர்ந்து எனக்கு வகுப்பு எடுத்தார்கள். கேரியர் காலியானது.

மூன்றாம் நாள் முடிச்சூர். அன்றைக்குத்தான் எல்லாமே முறிந்துபோயிருக்க வேண்டியது.

பாலத்தை நெருங்கும்போதே தூரத்தில் அது தெரிந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ் பேனர். "சைப்ரஸ் நாட்டு விருந்தினர்களை வருக வருக என வரவேற்கிறோம்." வலது ஓரத்தில் கைகூப்பிய குமுதா அக்கா, பட்டுப்புடவையில். இடது ஓரத்தில் இரண்டு கொடிகள், சம அளவில், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் தீவின் வடிவம். மற்றதில் சிவப்புப் பிறை.

மேஜர் டிரைவரின் தோளைப் பிடித்து வண்டியை நிறுத்தச் சொன்னார்.

எனக்குப் புரிய வைத்தார்கள். வடக்கின் அந்தப் பிறைக்கொடிக்குப் பக்கத்தில் ஆந்த்ரி நிற்கிற ஒரு போட்டோ வெளியே போனால், ஊர் திரும்பும்போது அவருக்கு வேலை இருக்காது. கொடியை இறக்கினால் ஹசன் திரும்பிப் போக வேண்டியதுதான்; தன் பக்கத்தை அவமானப்படுத்தினார்கள் என்று அவர் ஊரில் கேட்பார்கள். "அதை எடுக்கச் சொல்லவும் என்னால் முடியாது, விடச் சொல்லவும் முடியாது" என்றார் மேஜர். தலைமையகத்துக்கு போன் போட ஆரம்பித்தார்.

நான் இறங்கி ஓடினேன்.

"அக்கா, ப்ளீஸ்க்கா. அந்த பேனரைக் கொஞ்சம் இறக்கிடலாமா?"

குமுதா அக்காவின் குடும்பம் இந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலம் மனைகளாகிவிட்ட பிறகு வாடகை வீடுகள் அவருக்கு உண்டு. டிபன் கடை, சும்மா உட்கார முடியாததற்காக. கரண்டியோடு வெளியே வந்தார்.

"எறக்கணுமா? ஏன், என் மூஞ்சி நல்லா இல்லியா?"

"ஐயோ, அதில்லக்கா. கொடிதான் பிரச்சனை."

"இன்னா கண்ணு பேஜார் பண்ற? ரெண்டு பேரும் கெஸ்ட்டு. ஒருத்தர் கொடிய போட்டுட்டு இன்னொருத்தர் கொடிய வுட்டா நல்லாவா கீது? அதான் ரெண்டையும் போடச் சொன்னேன். அளவுகூட ஒண்ணா இருக்கணும்னு சொல்லிக்கினு பக்கத்துலயே நின்னேன்."

அவர் சொன்னதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் கஷ்டம். வண்டிக்குத் திரும்பி வந்தேன். ஆந்த்ரி ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஹசன் எதிர் ஜன்னலை. அங்கே இருப்பதாகச் சொன்ன கோடு இப்போது காருக்குள் இருந்தது. இவர்களை இங்கே கூட்டி வந்திருக்கவே கூடாதோ? பேனர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? காதுகுத்துக்கே பேனர் வைக்கிற ஊரில் வளர்ந்தவள்தானே நான்? பிரபுவுக்கு போன் செய்தேன். என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்தேன், "தியா சாப்ட்டாளா?" என்றுதான் கேட்டேன்.

"சாப்ட்டா. உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

பதில் சொல்லும் முன் மழை கொட்டியது. தூறலெல்லாம் இல்லை, நவம்பர் மழை, வானத்தைச் சாய்த்ததுபோல். கடைக்கு வெளியே பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். குமுதா அக்காவின் குரல் மழையையும் தாண்டிக் கேட்டது.

"டேய், அந்த பேனர அவுருங்கடா! இங்க இழுத்துக் கட்டு! பிரிண்ட்டு மேல இருக்கட்டும், அப்பதான் தண்ணி வழுக்கினு ஓடும்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் கயிற்றை அவிழ்த்தார்கள். பேனர் கம்பத்திலிருந்து இறங்கியது. கடைக் கூரைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே பந்தலாக ஏறியது. குமுதா அக்காவும் இரண்டு கொடிகளும் மழையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார்கள். அடியில் நின்று பார்த்தால் வெறும் வெள்ளை.

"ஏம்மா, வண்டில குந்திகினு இன்னா பண்றீங்க? இட்லி ஆறிப்போவுது!"

முதலில் மேஜர் இறங்கினார். பந்தலுக்கு அடியில் நின்று மேலே பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்து, மறுபடி பார்த்தார். பிறகு போனில் தலைமையகத்திடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "கொடி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரும் எதையும் இறக்கச் சொல்லவில்லை. மழை பெய்கிறது."

ஆந்த்ரி இறங்கினார். ஹசன் இறங்கினார். ஒரே பெஞ்சு, ஒரே சாம்பார் வாளி. வெங்காயச் சட்னி கேட்டு ஹசன் இரண்டு முறை தட்டை நீட்டினார்.

"பாருங்க" என்று குமுதா அக்கா தூணைக் காட்டினார். பச்சைப் பட்டை முழுகிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மஞ்சளின் அடியைத் தொட்டது. அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தார். என் போன் ஒலித்தது. அதற்குள் கீழ்த் தெருக்களிலிருந்து 'பார்த்துவிட்டோம்' என்று கட்டைவிரல் குறிகள் வரத் தொடங்கின.

"இவ்வளவுதானா?" என்றார் ஹசன்.

"இன்னும் இன்னா வேணும்? மேளம் அடிக்கணுமா?" என்றார் அக்கா. நான் கொஞ்சம் மரியாதை சேர்த்து மொழிபெயர்த்தேன்.

ஹசன் தட்டைப் பார்த்தபடி பேசினார். அவர் பக்கம் ஆற்றுக்கு ஒட்டினாற்போல் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. வேறு இடம் கிடைக்காமல் பல வருஷமாக அங்கேயே நடக்கிறது. அவருடைய மகளும் அதில்தான். போன குளிர்காலத்தில் குழந்தைகளை இடுப்பளவுத் தண்ணீரில் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் அப்படியே இருக்காது."

ஆந்த்ரி கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நான் அளவை உடனே அனுப்பிவிடுகிறேன். என் மேலதிகாரிக்கு. அவர் அவருடைய மேலிடத்துக்கு. அங்கிருந்து அமைதிப்படைக்கு. உங்களுக்கு அது எப்போது வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை."

"தண்ணீர் வந்த பிறகு" என்றார் ஹசன்.

பந்தலின் நடுவில் மழைநீர் தொப்பை போட்டது. அக்கா துடைப்பக் கட்டையால் கீழிருந்து ஒரு குத்து விட்டார். தண்ணீர் பக்கவாட்டில் மேஜர்மேல் கொட்டியது.

கடைசி நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். தியா மேஜரின் மடியில் ஏறி அவர் சட்டைப் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்தாள். அளவை எண்ணாக அனுப்பினால் அது அரசாங்கத் தகவல், அனுமதி வேண்டும். ஆனால் ஒரு பாலத்தின் போட்டோ? பாலத்தை யார் வேண்டுமானாலும் போட்டோ எடுக்கலாம். அதன் தூணில் யாரோ மூன்று வண்ணம் பூசியிருந்தால் அது சுவர் ஓவியம். ஆந்த்ரிக்கு ஓவியம் வரையும் நண்பர்கள் இருந்தார்கள். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, அலுவலகப் பெயர் இல்லை. காபி ஆறுவதற்குள் எல்லாம் கூடிவந்தது.

பிறகு ஒரே ஒரு கேள்வியில் நின்றது. வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் யார்?

ஹசன் தொடங்கிய குரூப்பில் ஆந்த்ரி சேர்ந்தால் வடக்கின் கீழ் தெற்கு வந்ததாக ஆகும். ஆந்த்ரி தொடங்கினால் நேர்மாறு. இருவரும் அட்மின் என்றால் இருவரும் சமம் என்று ஆகும். ஐம்பது ஆண்டுச் சண்டையே அதைப் பற்றித்தான். மேஜர் அட்மினாக வேண்டுமானால் தலைமையகம் அனுமதிக்க வேண்டும். அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தோசை மாவு புளித்துவிட்டதா என்று மூன்று முறை முகர்ந்து பார்க்கிற ஆள் நான். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். சமையலறைக்குப் போனேன். பிரபு பின்னாலேயே வந்தார்.

"அபார்ட்மென்ட் குரூப்புக்கே நீதான அட்மின்? குட்மார்னிங் போடுறவங்கள எப்படி அடக்கி வச்சிருக்க!"

திரும்பி வந்து குரூப்பைத் தொடங்கினேன். பெயர் வைத்தால் பிரச்சனை என்பதால் மூன்று வண்ணப் புள்ளிகள் மட்டும். விதிகளும் மூன்று: வண்ணம் தெரிகிற போட்டோ மட்டும். பார்த்தவர் கட்டைவிரல் போட வேண்டும். வேறு பேச்சு கூடாது, மீறினால் அட்மின் நீக்குவார். அன்று மாலை அவர்கள் விமானம் ஏறினார்கள். விமான நிலையத்துக்குப் போன ஆட்டோவில் மேஜர் கேட்காமலேயே முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஒரு வாரத்தில் தியா என் போனை எடுத்து குரூப் படத்தை நாய்க்குட்டியாக மாற்றிவிட்டாள். பதறிப்போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தால் விதிப்படி நானும் பேசக்கூடாது. இரண்டு பக்கமும் ஆட்சேபிக்கவில்லை. நாய்க்குட்டியை இரண்டு பக்கமும் அங்கீகரிக்கிறார்கள் போலிருக்கிறது. இன்றைக்கும் குரூப் படம் அதேதான்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள், தியாவின் பள்ளி வாசலில் மற்ற அம்மாக்களோடு நின்றுகொண்டிருந்தேன். இங்கே மதியம், அங்கே காலை, குழந்தைகள் பள்ளிக்கு வந்து சேர்கிற நேரம். போன் அதிர்ந்தது. அறிமுகமில்லாத ஒரு பாலம், அறிமுகமான மூன்று வண்ணம். தண்ணீர் மஞ்சளில் இருந்தது.

கட்டைவிரல் வரவில்லை.

"ஹசன்?" என்று எழுதினேன். அழித்தேன். அட்மின் பேசினால் விதி போய்விடுமே, விதி போனால் எல்லாம் போய்விடுமே. மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். அடுத்த போட்டோ வந்தது. சிவப்பின் அடி ஈரமாக இருந்தது. என் கையில் இருந்த தியாவின் தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மா எடுத்துக் கொடுத்து, "என்ன ஆச்சுங்க?" என்றார். என்ன சொல்வது? சைப்ரஸில் மழை என்றேன்.

அப்போது வந்தது, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, ஹசனுடைய இரண்டு கட்டைவிரல். பள்ளிக் கதவு திறந்தது. தியா ஒரு ஷூவை மட்டும் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

மறுநாள் ஹசனிடமிருந்து ஒரு போட்டோ. தூண் இல்லை, வண்ணம் இல்லை. ஒரு மேட்டுத்தெருக் கட்டடத்தின் படிக்கட்டு. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் காலணிகள், ஒன்றுகூட நனையாமல். கீழே ஆந்த்ரியின் கட்டைவிரல். அதற்குக் கீழே மேஜருடையது.

விதிப்படி அட்மின் அதை நீக்க வேண்டும். என் கட்டைவிரலையும் போட்டுவிட்டு, போனை மூடி வைத்தேன்.